சைனஸும் கிருமிக் கூட்டும் – கடிதம்

டாக்டருக்கு வணக்கம்,

2 வருடமாக சைனஸ் தொந்தரவு. மூக்கடைப்பு, தொண்டைக்குள் சளி இறங்குவது, வாசனை தெரியாமை. சளியை லேபில் வளர்த்துக் கிருமியைக் கண்டுபிடிக்கும் கல்ச்சர் சோதனையில் முதலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்தது. அதற்குக் கேட்கும் என்று ரிப்போர்ட்டில் இருந்த ஆன்டிபயாட்டிக்கை முழுதாகச் சாப்பிட்டேன். குறைந்தது, மூன்றே வாரத்தில் திரும்பிவிட்டது. அடுத்த கல்ச்சரில் சூடோமோனாஸ் என்கிறார்கள். முதல் ரிப்போர்ட் தப்பா, அல்லது புதிதாகத் தொற்றியதா? 'நல்ல பாக்டீரியா' ஸ்பிரே வாங்கலாமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டு ரிப்போர்ட்டும் சரியாகவே இருக்கலாம். கல்ச்சர் தட்டில் முந்திக்கொண்டு வளர்கிற கிருமியின் பெயர்தான் ரிப்போர்ட்டில் ஏறும். முதல் தடவையே சூடோமோனாஸ் கொஞ்சமாக உள்ளே இருந்து, ஆன்டிபயாட்டிக் மற்றதைக் குறைத்ததும் தலைதூக்கியிருக்க வாய்ப்பு உண்டு. காற்றுப் பட்டால் தாங்காத பிரிவோடெல்லா, ஃபியூசோபாக்டீரியம் போன்றவையோ, மாதிரியைக் காற்றுப் புகாத குப்பியில் அனுப்பாவிட்டால் ரிப்போர்ட்டில் வரவே வராது. 12 வாரத்தைத் தாண்டிய சைனஸில் நான் அதிகம் கவலைப்படுவது இப்படிப் பெயர் வராமல் போகிறவற்றைப் பற்றித்தான்.

காரணம், கிருமிகளின் சாப்பாடு. சளியின் முக்கியப் பொருள் மியூசின் என்ற, சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்திய பெரிய புரதம். சூடோமோனாஸால் அதைத் தனியாக உடைத்துத் தின்பது கடினம். மியூசினை மட்டும் உணவாகக் கொடுத்த ஆய்வகச் சோதனைகளில் அது தனியாகச் சரிவர வளரவில்லை. காற்றை வெறுக்கும் கிருமிகள் மியூசினைச் சிதைத்து வெளியே விட்ட சிறு கொழுப்பு அமிலங்களும் அமினோ அமிலங்களும் கிடைத்தபோது நன்றாகவே வளர்ந்தது. பெயர் வந்த கிருமிக்குப் பெயர் வராத கிருமிதான் சோறு போடுகிறது.

அந்தக் கிருமிகள் குடியேற வழி செய்வது அடைப்பு. கன்னத்துச் சைனஸின் வாசல் சில மில்லிமீட்டர்தான், அதுவும் மேல் பக்கத்தில் இருக்கிறது. சளி தானாக வழிந்து இறங்காது, நுண்முடிகள் மேல்நோக்கித் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். சவ்வு வீங்கி வாசல் மூடியதும் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, சளி தேங்குகிறது, மேலே சொன்ன சமையல் தொடங்குகிறது.

இந்தக் கிருமிகள் ஒன்றையொன்று தாக்குவதும் நமக்கு நல்லதாக முடிவதில்லை. சூடோமோனாஸ் சுரக்கும் ஒரு வேதிப்பொருள் ஸ்டெஃபைலோகாக்கஸின் சுவாசச் சங்கிலியை, அதாவது ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் அமைப்பை, முடக்குகிறது. அது சாகாமல், மெதுவாக வளரும் குறுவடிவத்துக்கு மாறிக்கொள்ளும். தட்டில் ஒரே நாளில் தெளிவாகத் தெரிய வேண்டிய காலனி, குண்டூசி முனை அளவுக்கு வரவே இரண்டு மூன்று நாள் ஆகும். லேபில் அதற்குள் தட்டை எடுத்துவிட்டால் 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள். ஜென்டாமைசின், டோப்ராமைசின் போன்ற மருந்துகள் செல்லுக்குள் நுழைய அந்தச் சுவாசச் சங்கிலி ஓட வேண்டும். முடங்கிய கிருமிக்குள் அவை சரியாகப் போகாது.

'கேட்கும்' என்று எழுதிய மருந்து ஏன் கேட்கவில்லை என்பதற்கும் இந்தக் கூட்டு வாழ்க்கைதான் விடை. ஒரு கிருமி பீட்டா-லாக்டமேஸ் என்சைமைச் சுரந்து அமாக்சிசிலினைச் சிதைத்தால், பக்கத்தில் இருக்கும் கிருமியும் தப்பித்துவிடும். தவிர, லேபில் சோதிப்பது தனியாக வளர்த்தெடுத்த ஒரே கிருமியை. சைனஸில் அவை பிசின் போன்ற பயோஃபிலிமுக்குள் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. அதற்குள் இருப்பவற்றைக் கொல்ல 100 முதல் 1000 மடங்கு மருந்துகூடத் தேவைப்படலாம். படலத்துக்கு வெளியே திரிபவை செத்ததும் உங்களுக்குக் குறைந்தது. மிஞ்சிய படலத்திலிருந்து மறுபடி கிளம்பின.

ஸ்பிரே இப்போது வேண்டாம். நல்ல பாக்டீரியா என்பது கற்பனை அல்ல: மூக்கில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் லக்டுனென்சிஸ், ஆரியஸைக் கொல்லும் லக்டுனின் என்ற பொருளைச் சுரப்பதை 2016-இல் ட்யூபிங்கன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் ஒரே குடும்பத்திலேயே குணம் மாறுகிறது. கோரினிபாக்டீரியம் அக்கோலென்ஸ், நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸைத் தடுக்கிறது. அதன் உறவான ட்யூபர்குலோஸ்டியாரிகம் சைனஸ் நோயாளிகளிடம் மிகுந்திருந்ததாக 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அதே ஆய்வில், புளிக்கவைத்த காய்கறியில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் சாகேய் எலிகளைக் காத்தது என்றதும், புளிக்கவைத்த காய்கறிச் சாற்றை மூக்கில் விட்டுக்கொள்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, சளியைத் தேங்க விடாமல் வாசலைத் திறப்பது. தண்ணீரை ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு (2000 மீட்டருக்கு மேல் மலையில் இருந்தால் மூன்று நிமிடம்) வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். நேரடிக் குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அரிதாக, மூளையைத் தின்னும் நெக்ளேரியா அமீபா அதன் வழியே மூக்கில் ஏறியிருக்கிறது. 240 மி.லி.க்கு 2 கிராமுக்குச் சற்று மேல் அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. மூக்கு எரிந்தால் பெரும்பாலும் உப்பின் அளவு தவறியிருக்கும். முன்னால் குனிந்து, வாயால் மூச்சுவிட்டபடி, பாதி ஒரு மூக்கிலும் மீதி மறு மூக்கிலும் மெதுவாகப் பீய்ச்சுங்கள். தினம் இரண்டு வேளை. பாட்டிலைக் கழுவி முழுக்க உலர வையுங்கள். ஈரப் பாட்டிலிலும் பயோஃபிலிம் படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்திருந்தால், கழுவி 10–15 நிமிடம் கழித்து அடியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை; முனை கண்ணின் வெளி ஓரத்தை நோக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம்.

மூன்றாவது ஆன்டிபயாட்டிக்குக்கு முன் எண்டோஸ்கோப் வழியே, சைனஸ் வாசல் திறக்கும் மூக்கின் உள் இடுக்கான நடு மியாட்டஸிலிருந்து சீழ் எடுக்கச் சொல்லுங்கள். மூக்குத் துவாரத்தில் பஞ்சைச் சுழற்றினால் அங்கே எப்போதும் குடியிருக்கும் கிருமிதான் வரும். காற்றில்லா கல்ச்சரும் கேளுங்கள். சளி ஒரே பக்கம் வருகிறதா, துர்நாற்றம் உண்டா என்று கவனியுங்கள். இருந்தால் மேல் கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் இருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது தவறிப்போகும், பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் படமெடுக்கும் கோன்பீம் சி.டி. எடுத்தால் பிடிபடும். பல்லைக் கவனிக்காமல் மூக்குக்கு எத்தனை மருந்து கொடுத்தாலும் அது திரும்பிக்கொண்டே இருக்கும்.

கண் வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கழுத்து விறைத்துக் கடும் தலைவலியும் காய்ச்சலும் வந்தாலோ இவை எதற்கும் காத்திருக்காதீர்கள். அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.