மூன்றாமவர் யார்?

அன்புள்ள ஐயா,

தூய்மைப் பணியாளர் போராட்டத்தை ஆதரித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் மணலியில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் அதிகாரியாக இருக்கிறேன். என் தந்தை பின்னி ஆலையில் தறி ஓட்டி, 1996-இல் ஆலை மூடப்பட்டபோது வேலை இழந்தவர். சங்கங்கள்தான் ஆலையை மூடின என்று எங்கள் தெருவில் சொல்லாதவர் இல்லை. கொடி ஏறிய இடத்தை விட்டுத் தொழில் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும். வேலை என்பது கொடுப்பவரும் செய்பவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தம்; பிடிக்காதவர் விலகிக்கொள்ளலாம். இடையில் மூன்றாமவருக்கு என்ன வேலை?

ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில் பிறந்ததன்று. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில், உங்கள் தந்தையார் தறி ஓட்டிய அதே பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவரான பி.பி. வாடியா தறி பிடித்தவர் அல்லர், பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். உடன் நின்ற திரு.வி.க. பள்ளி ஆசிரியராக இருந்து பத்திரிகைக்கு வந்தவர். செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் ஆலைப் பக்கத்தில் வணிகம் செய்தவர்கள். உங்கள் கணக்குப்படி எல்லோரும் மூன்றாமவர்கள்தாம். ஆலைக்குள்ளிருந்து ஒருவர் வாய் திறந்தால் மறுநாள் காலை அவருக்குக் கேட் திறக்காது என்பதால்தான் வெளியார் தேவைப்பட்டார்கள். பின்னி நிர்வாகம் 1920-இல் வாடியா உள்ளிட்டோர்மீது வழக்குத் தொடுத்தபோது சொன்னதும் உங்கள் வாதத்தையே: தொழிலாளருக்கும் எங்களுக்கும் உள்ள ஒப்பந்தத்தை முறிக்கும்படி இவர்கள் தூண்டினார்கள், ஆகவே இழப்பீடு தர வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் தடையாணையும் கொடுத்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து எழுந்த கோரிக்கைதான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவுபெற்ற சங்கத்தின்மீது உரிமையியல் வழக்குப் போட முடியாது என்று அதன் 18-ஆம் பிரிவு சொன்னது. சட்டத்தின் அந்த வரி பெரம்பூரில் பட்ட சூட்டிலிருந்து வந்தது.

இன்றோ மூன்றாமவரை உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்திருப்பது நிர்வாகங்களே. எங்கள் தெருவில் இருக்கும் ஓர் இளைஞர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாக ஒரே பிரஸ் எந்திரத்தின் முன் நிற்கிறார். ஒருநாள் தன்னுடைய மூன்று அடையாள அட்டைகளை என் மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் இருப்பது அதே புகைப்படம், கல்லூரி முடித்தபோது எடுத்தது. காண்ட்ராக்டரின் பெயர் மட்டும் மூன்று. பி.எஃப். கணக்கைத் திறந்தாலும் மூன்று முதலாளிகள் வருகிறார்கள். எந்திரம் யாருடையதோ, வேலையை யார் ஏவுகிறாரோ, பொருளை யார் விற்கிறாரோ, அவருடைய பெயர் எங்கும் இல்லை. கொடுப்பவரும் செய்பவரும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்று நீங்கள் எழுதினீர்களே, இதில் கொடுப்பவர் யார் என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? காண்ட்ராக்ட் முறை ஓரிடத்தில் தடைசெய்யப்பட்டாலும் அங்குள்ள தொழிலாளர்கள் தாமாகவே நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட மாட்டார்கள் என்று 2001-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்த பிறகு, இந்தக் கேள்விக்கு விடை தேடுவது இன்னும் கடினமாகிவிட்டது.

தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்ட் 1 முதல் சென்னை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்ததும் இதற்காகத்தான். மாநகராட்சியின் கீழ் வேலை செய்துவந்தவர்களை ஒரு தனியார் நிறுவனத்தில் போய்ச் சேரச் சொன்னார்கள். மாதம் 23 ஆயிரத்தை ஒட்டி வந்துகொண்டிருந்த சம்பளம் அங்கே குறைந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது, மறுநாள் அரசு அவர்களுக்குக் காலை உணவுத் திட்டத்தை அறிவித்தது. அப்போது தனியாருக்குக் கொடுக்கப்பட்ட இரண்டு மண்டலங்களில் ஒன்று ராயபுரம், மற்றொன்று திரு.வி.க. நகர். பெயர்ப்பலகையை எழுதியவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

சங்கங்களின் தவற்றை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது நீங்கள் காட்டும் இடத்தில் இல்லை. பின்னி ஆலையின் 1921 வேலைநிறுத்தம் சாதியில் உடைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் அவர்களைப் பகைவராகப் பார்க்க, புளியந்தோப்புக் குடிசைகள் எரிந்தன. அந்த மக்களின் குறைகளைச் சங்கம் தன் குறைகளாக நினைக்கவில்லை, வேலைநிறுத்தமும் தோற்றது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறச் சட்டை, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இன்னொரு நிறம் என்று இன்று இழுக்கப்பட்டிருக்கும் கோடும் அதே வேலையைத்தான் செய்கிறது. பல சங்கங்கள் இரண்டாவது நிறத்தை உறுப்பினராகச் சேர்ப்பதே இல்லை. போனஸ் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதைச் சொன்னதற்காகச் சங்கத் தோழர்கள் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் தந்தையாரின் ஆலையைப் பற்றி: பஞ்சிலிருந்து துணிவரை ஒரே கூரையின்கீழ் செய்த பெரிய ஆலைகள், விசைத்தறியின் மலிவான துணிக்கு முன்னால் நாடு முழுவதும் விழுந்தன, பம்பாயில் விழுந்தவற்றுக்கும் பெரம்பூர்ச் சங்கத்துக்கும் தொடர்பில்லை. சங்கங்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதும் உண்மைதான், அது நோயை வளர்த்தது, நோயாக இருக்கவில்லை. கொடி ஏறினால் தொழில் ஓடிவிடும் என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் பெரம்பூர்ச் சங்கமும், 1923-இல் சிங்காரவேலர் ஏற்றிய முதல் மே தினக் கொடியும் கண்ட இந்த மாநிலத்தில்தான் நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகளும் அதிக ஆலைத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள் என்று ஒன்றிய அரசின் ஆண்டுத் தொழில்துறை ஆய்வே சொல்கிறது.

நீங்கள் பணியாளர் பிரிவில் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரம் என்று தமிழ்நாட்டில் 1981 முதல் ஒரு சட்டம் இருப்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காண்ட்ராக்டர் மாறினாலும் ஆள் மாறாமல் உங்கள் ஆலையில் அந்த 480-ஐத் தாண்டி நிற்பவர்கள் எத்தனை பேர் என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்து எழுதுங்கள். ஆலையின் பெயரும் உங்கள் பெயரும் வேண்டாம், எண் மட்டும் போதும். அடுத்த கடிதத்தை அங்கிருந்து தொடரலாம்.

அன்புடன்