மூன்றாவது முறை நடத்தாதீர்கள் டீச்சர்

வணக்கம் டீச்சர். பென்னாகரம் பக்கம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பதாகவும், ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு முறை நடத்தியும் மாதத் தேர்வில் வெற்றுத்தாள்தான் வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இன்னொரு முறை நடத்துவதற்குப் பதில், புத்தகத்தை மூடச் சொல்லிக் கேள்வி கேளுங்கள்.

கிருஷ்ணகிரியில் நான் செய்வது இதுதான். வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் போர்டில் மூன்று கேள்விகள்: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. ரஃப் நோட்டில் நினைவிலிருந்து எழுத வேண்டும். அப்புறம் உடனே சரியான விடையைச் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் தப்பே மனதில் தங்கிவிடும். ஆனால் இதற்கு மார்க் போடாதீர்கள். முதல் வருடம் நான் போட்டேன். இரண்டே வாரத்தில் பின் பெஞ்ச் முழுக்கக் காப்பி.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதையே திரும்பப் படித்தார்கள், சிலர் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. உங்கள் பிள்ளைகள் வகுப்பில் தலையாட்டிவிட்டுத் தேர்வில் முழிப்பதும் இந்தக் கதைதான்.

கேள்வியையும் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன' என்றால் மனப்பாடம்தான் வரும். 'இலையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வைத்தால் அயோடின் சோதனையில் என்ன தெரியும்?' என்று கேட்டேன் (மாவுச்சத்து உள்ள இடத்தில் அயோடின் பட்டால் நீலமாகும்). 'மூடின பக்கம் நீலமாகாது சார், அங்க வெயிலே படல' என்று எழுதியவன், அதுவரை வாயே திறக்காத பையன்.

முதல் வாரம் பாதிப் பேர் எதுவும் எழுத மாட்டார்கள். பதறாதீர்கள்.