இரவு எட்டு மணிக்குப் படம் நின்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். சிட்னி வென்ட்வொர்த்வில்லில் யூனிட் (அடுக்குமாடி வீடு) எடுத்து மனைவியோடு குடியேறியிருக்கிறீர்கள். பகலில் இணையம் நன்றாக ஓடுகிறது, இரவு எட்டு மணிக்குப் படம் போட்டால் நின்று நின்று வட்டம் சுற்றுகிறது. அலுவலக நண்பர் விநாடிக்கு 50 மெகாபிட் வேகம் தரும் திட்டத்தை விட்டுவிட்டு 100 எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர், தான் விற்கும் பெட்டியை வாங்கினால் எல்லாத் தமிழ்ச் சேனலும் தடங்கலின்றி வரும் என்கிறார். கூடவே ஓட்டுநர் உரிமம், பழைய கார், தமிழ்ப் பள்ளி என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல இந்த ஊரில் ஆள் நிறைய உண்டு. நான் இணையத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதிதாக வந்திறங்கும் நம் பிள்ளைகளின் கையிலிருந்து தேவையில்லாமல் பணம் போகும் முதல் இடம் அதுதான் என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பேர் வாழும் வீட்டுக்கு 50 தாராளம். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே முழு எச்டி படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட்டும், 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்று சொல்கிறது. உங்களுக்கு வாக்களித்த ஐம்பதில் பாதி வந்தாலே படம் நிற்கக் கூடாது. நிற்கிறது என்றால் அந்தப் பாதியும் டிவிக்கு வந்து சேரவில்லை. எங்கே தேங்குகிறது என்று தெரியாமல் 100 எடுத்தால், அதே இடத்தில் அதுவும் தேங்கும்.

இங்கே என்பிஎன் என்ற தேசிய அகன்ற அலைவரிசை வலையமைப்பு மொத்த வியாபாரி. வீட்டுக்கு வரும் இணைப்பு அவர்களுடையது, நமக்கு பில் அனுப்புவது சில்லறை நிறுவனம். சில்லறை நிறுவனங்கள் என்பிஎன்னோடு இணையும் மையங்கள் நாடு முழுவதும் 121 இருக்கின்றன. ஒவ்வொரு மையத்திலும் தன் வாடிக்கையாளர்களுக்காக எவ்வளவு கொள்ளளவு வாங்கி வைப்பது என்பதைச் சில்லறை நிறுவனம்தான் தீர்மானித்துவந்தது. வாங்கியது குறைவென்றால், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்ததும் மாடி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாமல் போவதைப் போல, இரவு ஏழு முதல் பதினொன்று வரை எல்லோருக்கும் வேகம் விழும். அதனால்தான் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2017இல் தலையிட்டு, விளம்பரத்தில் இரவு நேர வேகத்தைச் சொல்லுங்கள் என்று நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. தன்னார்வலர்களின் வீடுகளில் கருவி வைத்து அளந்து முடிவுகளை வெளியிட்டும் வருகிறது. அந்தக் கொள்ளளவுக்கு என்பிஎன் வாங்கிய கட்டணத்தை 2023 டிசம்பரில் 100க்கும் அதற்கு மேலுமான திட்டங்களுக்கு எடுத்தேவிட்டார்கள். ஆகவே வெளியே இருந்த நெரிசல் பெரிதும் குறைந்துவிட்டது. இன்றைக்கு ஒருவர் இரவில் படம் நிற்கிறது என்று சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது வீட்டுக்குள் இருப்பதைத்தான்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு கம்பி போதும். மடிக்கணினியை மோடத்தோடு நேராக வயரில் இணைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, அதிகாலையில் ஒரு முறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் வேகத்தை அளந்து பாருங்கள். சில நாள் இப்படிச் செய்து தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். வயரில் இரவிலும் வேகம் நன்றாக இருந்தால் நிறுவனத்தின் மேல் குற்றமில்லை, உங்கள் வைஃபைதான் காரணம். காலையில் நன்றாக இருந்து இரவில் மட்டும் விழுந்தால் நெரிசல் வெளியே. எந்நேரமும் மோசம் என்றால் கட்டடத்துக்குள் வரும் கம்பியைப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு சேவை மட்டும் நிற்கிறது என்றால், அந்தச் சேவை வரும் வழியில் சிக்கல்.

யூனிட் கட்டடங்களில் வைஃபை படும் பாட்டை, ஊரில் தனிவீட்டில் வளர்ந்தவர்கள் எளிதில் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காமல் ஓடக்கூடிய வைஃபை தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. பக்கத்து வீடு, மேல் வீடு, கீழ் வீடு எல்லோரும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்கிறார்கள். பகலில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பதால் தெரிவதில்லை. மாலையில் அத்தனை பேரும் வீடு திரும்பியதும் தெரிகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. ரூட்டரை அலமாரிக்குள் பூட்டி வைத்திருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெளியே எடுத்து உயரமான திறந்த இடத்தில் வையுங்கள், டிவியை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுங்கள். அது சுவரைத் துளைத்துப் போவதில் பலவீனமானது. அதனால்தான் பக்கத்து வீட்டாருடையது உங்களைத் தொல்லை செய்வதும் குறைவு. ரூட்டரும் டிவியும் ஒரே அறையில் இருந்தால் வைஃபையே வேண்டாம், இரண்டையும் ஒரு வயரால் இணைத்துவிடுங்கள்.

யாரும் சொல்லித்தராத இன்னொன்று இருக்கிறது. நீங்கள் இருவரும் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் கைப்பேசிகள் வைஃபையைப் பிடித்து, அன்றைய புகைப்படங்களையும் காணொளிகளையும் மேலே ஏற்றத் தொடங்குகின்றன. 50 திட்டத்தில் பதிவேற்றத்துக்கு இருப்பது அதிகபட்சம் 20 மெகாபிட். அது நிரம்பினால், படம் கேட்டு டிவி அனுப்பும் சிறு சிறு கோரிக்கைகளும் அந்த வரிசையில் நின்று தாமதமாகின்றன. கீழே இறங்குவதும் தடைபடுகிறது. புகைப்படச் சேமிப்பை நள்ளிரவுக்குப் பிறகு நடக்கும்படி மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் படம் பார்க்கும் நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள். எனக்குத் தெரிந்த சில குடும்பங்களில் இது ஒன்றாலேயே வட்டம் சுற்றுவது நின்றது.

உங்கள் இணைப்பு என்பிஎன்தானா, அல்லது சிம் போட்டு ஓடும் வீட்டு இணைப்பா என்று நீங்கள் எழுதவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கடைகளில் இரண்டாவதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். ஆள் வந்து பொருத்தத் தேவையில்லை, பெட்டியை மின்சாரத்தில் செருகினால் போதும். ஆனால் நீங்கள் பகிர்வது தெரு முழுவதும் கைப்பேசியில் பயன்படுத்தும் அதே கோபுரத்தை. ரயில் நிலையத்தைச் சுற்றி யூனிட்டுகள் நெருக்கமாக எழுந்திருக்கும் வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட் போன்ற இடங்களில் இரவு வேகம் விழுவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம். அப்படியானால் வீட்டுக்குள் என்ன மாற்றினாலும் பெரிதாகப் பயனில்லை, கம்பி இணைப்புக்கு மாறிவிடுங்கள்.

இந்தியச் சந்தா மலிவு என்பதற்காக, நீங்கள் இந்தியாவில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன் போட்டுப் பார்க்கிறீர்களா? பெரிய நிறுவனங்கள் தங்கள் படங்களின் பிரதிகளை ஆஸ்திரேலிய நகரங்களிலேயே, பல நேரம் இணைய நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் அந்தப் பிரதியை விட்டுவிட்டு, விபிஎன் உங்கள் கோரிக்கையைக் கடல் கடந்து இந்தியாவுக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவருகிறது. ஒரு காலத்தில் பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு நேராக இருந்தது ஒரே ஒரு கடலடி கேபிள்தான். அது அடிக்கடி அறுந்துபோகும், அந்த நாட்களில் இங்கிருந்து ஊர் சேனல் பார்ப்பது பெரும் போராட்டம். 2018இல் இன்னொன்று, 2019இல் மற்றொன்று என்று வந்த பிறகு நிலைமை மாறியது. ஆனாலும் தூரம் தூரம்தான்.

பெட்டி விற்கும் நண்பரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உரிமம் இல்லாமல் சேனல்களைத் திருடி ஓடவிடும் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வார இறுதியில், இந்தியாவில் மாலை மூன்றரைக்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் நமக்கு இரவு எட்டு மணி. சரியாக அந்த நேரத்தில் அத்தனை பெட்டிகளும் ஒரே சர்வரை முட்டும். படம் நின்றால் புகார் சொல்ல நிறுவனம் கிடையாது, அவர் கைப்பேசி எண்ணும் மாறியிருக்கும். ஊர்க்காரர், கோயிலில் பார்ப்பவர் என்பதற்காகப் பணம் கொடுக்காதீர்கள். நம்மவர் என்ற நம்பிக்கையை முதலீடாக வைத்து நம்மவரிடமே வியாபாரம் செய்யும் இந்தப் பழக்கத்தைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தது, தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த ஏடிஎஸ்எல் காலத்தில். வணிக வளாகத்தின் நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் தமிழிலேயே பேசி, 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். இணையப் பயன்பாட்டுக்கு மாத அளவு என்று ஒன்று இருப்பதையும், அது தீர்ந்தால் வேகத்தை 64 கிலோபிட்டாக வெட்டிவிடுவார்கள் என்பதையும் அவர் வாயே திறக்கவில்லை. மாதம் பாதி கூடத் தாண்டாது, இணையம் படுத்துவிடும். அம்மாவோடு கணினி வழியாகப் பேசுவேன். இங்கே இரவு எட்டு மணி, அங்கே மதியச் சாப்பாடு முடிந்து அம்மா ஓய்வாக இருக்கும் நேரம். அவர் குரல் துண்டு துண்டாக வரும். "கேக்கலையே, கேக்கலையே" என்று அவர் கத்துவது மட்டும் தெளிவாகக் கேட்கும். பிறகு மளிகைக் கடைக்குப் போய்ச் சுரண்டும் தொலைபேசி அட்டை வாங்குவேன். அட்டையில் போட்டிருந்த நிமிடங்கள் ஒருபோதும் முழுமையாக வந்ததில்லை.

நிறுவனத்தை அழைத்தால் மோடத்தை அணைத்துப் போடுங்கள் என்பார்கள். அதுவே எப்போதும் பதில். கூட வேலை செய்த வியட்நாமியப் பெண்மணி ஒருவர்தான் தொலைத்தொடர்புக் குறைதீர்ப்பாளர் என்று ஓர் அமைப்பு இருப்பதைச் சொன்னார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த நாளில் என்ன வேகம், யாரிடம் பேசினேன், என்ன பதில் வந்தது என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு அதே நிறுவனத்தின் குரல் மாறியது. மீதி மாதங்களுக்கு அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்தார்கள். இந்த நாட்டில் நான் நிமிர்ந்து நின்ற முதல் நாள் அது என்று இன்றும் என் பிள்ளைகளிடம் சொல்வேன்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உங்கள் கேள்வியின் கடைசி வரி. புகார் கொடுத்தால் பின்னால் விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது, தம்பி. இணைய நிறுவனத்தின் மேல் கொடுக்கும் புகாருக்கும் உங்கள் விசாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தப் பயத்தினாலேயே நம்மவர்கள் பலர் வராத வேகத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு, இங்கே இணையமே இப்படித்தான் என்று புதியவர்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். எண்பதுகளில் வெறுங்கையோடு வந்த ஈழத்துப் பெரியவர்கள் சிலரைத் தூங்காபி பக்கம் எனக்குத் தெரியும். தங்களுக்கு உரியதை ஒரு கடிதம் எழுதிக் கேட்டு வாங்கும் துணிவு அவர்களிடம் இருக்கிறது. நல்ல சம்பளத்தோடு வந்திறங்கும் நம் கணினித்துறைப் பிள்ளைகளிடம் அது இல்லாததுதான் எனக்கு வருத்தம்.

முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் எழுதி வைத்த இரவு வேகத்தையும், அவர்கள் விளம்பரத்தில் சொன்ன இரவு வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அவர்கள் தீர்க்காவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது, மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசவும் ஏற்பாடு உண்டு. இப்போது பெரும்பாலான திட்டங்கள் மாதத்துக்கு மாதம் ஓடுபவை என்பதால், பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம். என்பிஎன் பெயரைச் சொல்லி, உங்கள் இணைப்பு இன்று துண்டிக்கப்படும் என்று யாராவது தொலைபேசியில் மிரட்டினால் வைத்துவிடுங்கள். மொத்த வியாபாரி வீட்டுக்கு அழைத்து எதையும் விற்பதில்லை.

அடுத்த யூனிட் பார்க்கும்போது, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு அந்த முகவரியை என்பிஎன் தளத்தில் போட்டுப் பாருங்கள். 2009இல் இந்த என்பிஎன் திட்டத்தை அறிவித்தபோது பத்தில் ஒன்பது வீடுகள் வரை கண்ணாடி இழையையே கொண்டுவருவோம் என்றார்கள். 2013இல் ஆட்சி மாறியதும் பல இடங்களில் தெருப் பெட்டியோடு இழையை நிறுத்தி, மீதித் தூரத்துக்குப் பழைய தாமிரக் கம்பியையே வைத்துக்கொண்டார்கள். ஒரு தெருவில் இழை, அடுத்த தெருவில் தாமிரம் என்று இந்த ஊர் கிடப்பதற்கு அதுதான் காரணம், இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. 2025 செப்டம்பரில் 100 திட்டத்தை 500 ஆக உயர்த்தியபோதும் இழையும் கேபிள் டிவிக் கம்பியும் உள்ள வீடுகளுக்குத்தான் அது கிடைத்தது. தாமிரம் என்று காட்டினால், இழைக்கு மாற்றித்தரும் பட்டியலில் அந்த முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். சில கட்டடங்களில் ஒரே ஒரு நிறுவனத்தைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடுவதில்லை. அதையும் வீட்டு ஏஜெண்டிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.