ஊருக்குள் சமர்த்து, நெடுஞ்சாலையில் கொதிப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தைப்பூசம் முடிந்த மறுவாரம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கார் பட்டறை நடத்துகிறவனுக்கு ரேடியேட்டர் வாரம். பினாங்குக்கும் ஈப்போ கல்லுமலைக்கும் ஐந்தாறு பேரை ஏற்றிப் போய்வந்த கார்கள் வாசலில் வரிசை கட்டும். இந்த முறை வந்த கேள்விகளிலும் பெரும்பாலானவை எஞ்சின் கொதிக்கும் அந்த ஒரே நோயைப் பற்றித்தான்.

என் காருக்கு 16 வயது. ஊருக்குள் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் வெப்பம் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுப் பத்து நிமிடத்தில் ஏறுகிறது. 80க்குக் குறைத்தால் இறங்கிவிடுகிறது. காற்றாடி மோட்டாரை மாற்றியும் பயனில்லை. (கமுனிங் தோட்டம்)

நோயை நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள். மோட்டாருக்குக் கொடுத்த பணம்தான் வீண். கார் நிற்கும்போதும் நெரிசலில் ஊரும்போதும்தான் காற்றாடிக்கு வேலை. 100 கிலோமீட்டர் வேகத்தில் முகப்பில் வந்து மோதும் காற்றுக்கு முன்னால் அது விளையாட்டுப் பொம்மை. சந்தைக்கு முன்னால் நிற்கையில் சூடேறினால் காற்றாடியைச் சந்தேகியுங்கள். வேகத்தில் மட்டும் சூடேறினால் சந்தேகம் ரேடியேட்டர் மீதும் அதற்குள் ஓடும் தண்ணீர் மீதும் விழ வேண்டும்.

80க்கும் நெடுஞ்சாலையின் 110க்கும் இடையில் முப்பதுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கான சக்தி வேகத்தின் முப்படியாக உயர்கிறது. கணக்குப் போட்டால் இரண்டரை மடங்குக்கு மேல் வரும். எஞ்சின் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைத்தால், வெளியேற்ற வேண்டிய சூடும் கூடும். பாதிக் குழாய்கள் அடைத்துப்போன ரேடியேட்டர் 80 வரை ஒப்பேற்றும், 110இல் கைவிரித்துவிடும்.

சோதிப்பது எளிது. எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்திவிட்டு, வெப்பம் அளக்கும் லேசர் கருவியால் ரேடியேட்டரின் முகத்தை அங்குலம் அங்குலமாக அளந்து பாருங்கள். தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவே குளிர்ந்த திட்டுகள் தென்பட்டால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. (கையை உள்ளே விடாதீர்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் சில கார்களில் காற்றாடி தானாகச் சுழலும்.)

நீங்கள் ஊற்றி வந்தது கிணற்றுத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த பூமி. கெண்டியின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் ரேடியேட்டர் குழாயிலும் படிந்திருக்கிறது. கழுவும் திரவம் லேசான படிவைக் கரைக்கும், 16 வருடப் படிவைக் கரைக்காது. ரேடியேட்டரை மாற்றுங்கள். புதியதில் கூலன்ட் எனும் குளிர்விப்புத் திரவமும் சுத்திகரித்த நீரும் மட்டும் இருக்கட்டும்.

"நம் ஊர் வெயிலுக்கு எதற்கு?" என்று சொல்லி மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகுதான் நெடுஞ்சாலையில் சூடு கூடியிருக்கிறது. இது சாத்தியமா? (லிந்தாங்)

சாத்தியமே. இந்தப் பழக்கத்தோடு நான் பல வருடங்களாகச் சண்டை போட்டு வருகிறேன். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறப்பது ஒன்று, குறுக்கு வழியை அடைப்பது மற்றொன்று. அதைக் கழற்றினால் குறுக்கு வழி திறந்தே கிடக்கும். கொதிநீரில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். மற்ற எஞ்சின்களில் கார் கொதிக்காது. ஆனால் உரிய சூட்டுக்கு வராமல் ஓடி பெட்ரோலைக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும். உங்கள் எஞ்சினுக்கு உரிய தெர்மோஸ்டாட்டை வாங்குங்கள். மாட்டும் முன் வெந்நீரில் போட்டு அது திறப்பதைக் கண்ணால் பாருங்கள். பலவும் 82 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும்.

ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மூன்றும் புதியவை. ஆனாலும் கோலகங்சாருக்கு வரும் வழியில் மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில் முள் சிவப்பைத் தொடுகிறது. (ஹீவூட் தோட்டம்)

இதில் எனக்கே ஒரு முறை அவமானம் நேர்ந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு நல்ல பம்பைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பம்பை மாட்டினேன். கோளாறு கீழ்க் குழாயில் இருந்தது. பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கம் அது. குழாய் ரப்பர் இளகிப்போனாலோ உள்ளே இருக்க வேண்டிய கம்பிச்சுருள் துருப்பிடித்து உதிர்ந்தாலோ, அதிகச் சுழற்சியில் குழாய் உறிஞ்சிய ஸ்ட்ரா போல ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் வேகம் தணிந்ததும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். பட்டறையில் திறந்து பார்த்தால் குற்றவாளி அப்பாவியாக நிற்பான். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு 3,000 சுழற்சிக்கு மேல் முடுக்க, இன்னொருவர் கீழ்க் குழாயைக் கவனிக்க வேண்டும். மாறாக, இரவு நிறுத்திய காரில் காலையில் குழாய் சப்பிக் கிடந்தால் குற்றம் ரேடியேட்டர் மூடியினுடையது. மூடியைப் பலரும் வெறும் மூடி என்றுதான் நினைக்கிறார்கள். 0.9 என்று அச்சிட்ட மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால், வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது.

குழாயும் மூடியும் நன்றாக இருந்தால் காரின் அடியில் குனிந்து பாருங்கள். முன் பம்பருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் அது உரசித் தொங்கும். நாம் வெட்டி எறிந்துவிட்டு நிம்மதியாகப் போவோம். அது அழகுக்கு வைத்ததன்று. முன்னால் வரும் காற்று ரேடியேட்டரைச் சுற்றி நழுவிவிடாமல் அதன் ஊடாகவே போகும்படி திருப்பிவிடுவது அதுதான். அதையும் மாட்டிவிட்டு, முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே லாலாங் புல்லின் பூவும் பூச்சியும் மண்ணும் சேர்ந்து பாய் விரித்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். உயர் அழுத்தக் குழாய் தகடுகளை மடக்கிவிடும்.

ரேடியேட்டரைத் திறந்து வைத்து எஞ்சினை இயக்கினால் விடாமல் குமிழி வருகிறது. அண்டை வீட்டுக்காரர் மஞ்சள் தூள் போடச் சொல்கிறார். (சுங்கை சிப்புட்)

மஞ்சள் தூள் மீன் குழம்புக்கு. காற்று வெளியேறிய பின்னும் குமிழி நிற்கவில்லை என்றால் எஞ்சின் உடலுக்கும் அதன் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். காலையில் எஞ்சினை இயக்கிய ஒரு நிமிடத்தில் மேல் குழாய் கல்லாக இறுகினால் சந்தேகம் வலுக்கும். எஞ்சினுக்குள் எரிந்த புகை கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் உண்டு. அதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

வழியில் கொதித்துவிட்டால், ஹீட்டரைப் போட்டால் சூடு குறையும் என்று படித்தேன். உண்மையா? (சாலாக்)

உண்மை. ஆனால் அது குளிர்நாட்டு யோசனை. நம் நாட்டில் விற்ற கார்கள் பலவற்றில் ஹீட்டரே இல்லை. ஏசியை அணைத்து, வேகத்தைக் குறைத்து, அவசரத் தடத்தில் ஒதுங்குங்கள். முள் சிவப்பில் இருந்தால் எஞ்சினையும் நிறுத்துங்கள். பயணிகளை இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள். கொதித்த கார் காத்திருக்கும், லாரி காத்திருக்காது. மூடியைத் தொட முக்கால் மணி நேரமாவது ஆகட்டும். பிறகும் தடித்த துணியைப் போட்டு, முதல் பூட்டு வரை மட்டும் திருப்பி, ஆவி அடங்கிய பிறகே முழுதாகத் திறங்கள். தண்ணீரையும் எஞ்சின் ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் அலுமினிய ஹெட் விரிசல் விடும். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். இழுவை லாரிக்குச் சொல்லுங்கள்.