பதினோரு ஷீட்

அன்புள்ள அக்கா,

ஜெர்மனியின் நியூரம்பர்க் மருத்துவர் கிறிஸ்டோஃப் யாகோப் ட்ரூ பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அவரைத் தாவரவியலாளர் என்பதா, மருத்துவர் என்பதா? ஒரு கோடுகூட இழுக்காதவரைத் தாவர ஓவியத்தில் இவ்வளவு தூக்கிவைக்கிறீர்களே, பணம் கொடுத்ததெல்லாம் ஒரு சாதனையா? இன்னொன்று. எங்கள் ஊர்ச் செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் போடப்போகிறேன். ஆர்வத்துக்காக வரைந்து தரும் இளைஞர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே,

மருந்தெல்லாம் செடியிலிருந்து வந்த காலம் அது. அவர் இரண்டும்தான், அதை விடுங்கள். ஊர்ச் செடிகளுக்குப் புத்தகம் போட நினைத்தீர்களே, பக்கத்தில் இருந்தால் கட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் அந்த ‘ஆர்வத்துக்காக’ இருக்கிறதே, அதைப் படித்ததும் சுர்ரென்று வந்தது.

ட்ரூவுக்கு வரைந்த ஏரெட், 1708இல் ஹைடல்பெர்க்கில் பிறந்த தோட்டக்காரர். முதலில் அவரை வரைய வேலைக்கு வைத்தவர் ரேகன்ஸ்பர்க்கில் மருந்துக்கடை வைத்திருந்த வைன்மான். ஆயிரம் படத்துக்கு 50 தாலர், அந்தக் காலத்து வெள்ளிக்காசு, என்று பேச்சு. ஐந்நூறு முடிந்த நிலையில் 20 தாலரைக் கையில் வைத்து அனுப்பிவிட்டார். பேசிய கணக்குப்படியே 25 வரவேண்டும். வைன்மானுக்கும் செடிமேல் ஆர்வம் உண்டு, கொள்ளை ஆர்வம். ஆயிரத்துக்கு மேல் வண்ணப்படங்களோடு நூல் போட்டவர். ஆர்வம் அவருடையது, குறைந்தது ஏரெட்டின் கூலி.

அப்புறம் லின்னேயஸ். செடிகளை அவர் பிரித்துவைத்த 24 வகுப்புகளையும் ஏரெட் 1736இல் ஒரே படமாக வரைந்தார். லின்னேயஸ் அதைத் தன் நூலில் சேர்த்துக்கொண்டார், வரைந்தவர் பெயர் இல்லாமல். பெரியவர்கள் செய்தால் யார் கேட்பது!

ட்ரூ என்ன செய்தார்? நல்ல தாளில், பெரிய தாளில் வரையச் சொன்னார். வரைந்ததைக் காசு கொடுத்து வாங்கினார். ஏரெட் லண்டனில் குடியேறிய பிறகும் வாங்கிக்கொண்டே இருந்தார். அந்தப் படங்களை வைத்து ட்ரூ போட்ட நூல் ‘பிளாண்டே செலக்டே’, 1750 முதல் பத்துப் பத்துப் படமாக வந்தது. அன்னாசி, பப்பாளி, வாழை எல்லாம் உண்டு. மொத்தம் 100 படம். 1773இல் முடிந்தபோது ட்ரூ இறந்து நான்கு வருடம். அந்த நூலின் நீண்ட லத்தீன் தலைப்பைப் படித்துப் பாருங்கள். திறமையும் கல்வியும் உள்ள கையால் ஏரெட் வரைந்தது என்று முதலில் வருகிறது, ட்ரூவின் பெயர் அதற்குப் பிறகுதான். செப்புத்தகட்டில் செதுக்கிய ஹைட் உள்பட மூவரின் உருவப்படமும் உள்ளே இருக்கிறது. பணம் கொடுப்பது சாதனையா என்றீர்கள். ஆமாம், சாதனைதான். நேரத்துக்குக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

ட்ரூ பெயரை லின்னேயஸ் ஒரு மரத்துக்கு வைத்தார். நம் ஆற்றரசுதான் அது. இப்போது அதையும் மல்லோட்டஸ் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். போகட்டும்.

உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? என் முதல் தொகுப்புக்கு அட்டைப்படம் வரைந்தவர் ஒரு பள்ளி ஓவிய ஆசிரியர். ஒற்றைச் செங்காந்தள். அவருக்கு நான் கொடுத்தது ஐந்து பிரதி, அவ்வளவுதான். உள்ளே அவர் பெயர் விட்டுப்போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. நாலு வருடம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அந்த ஐந்தும் கட்டுப் பிரிக்காமல் பீரோமேல் இருந்தன. காபி கொடுத்தார். பேச்சு வராமல், இந்தப் பூ ஒரே தடவையில் வந்துவிட்டதா சார் என்று கேட்டுவைத்தேன்.

“பதினோரு ஷீட் போச்சும்மா. எல்லாம் கார்ட்ரிட்ஜ் ஷீட்டு” என்றார்.