வலது இதயவறையை ஓர் எண்ணால் அளந்துவிட முடியுமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ‘டெட்ராலஜி ஒஃப் ஃபலோ’ என்ற பிறவி இதயக் குறைபாட்டுக்காக 2 வயதில் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்தார்கள். சென்ற மாத எக்கோ அறிக்கையில் வலது இதயவறை விரிந்திருப்பதாகவும், ‘டாப்சி’ 14 மில்லிமீற்றர் என்றும், சுவாசப்பை நாடி வால்வில் கடுமையான கசிவு என்றும் எழுதியிருக்கிறது. அவளோ கோணேசர் கோயிலுக்கு நடந்தே ஏறுகிறாள். இளைப்பு என்று ஒருநாளும் சொன்னதில்லை. இதயம் பழுதாகிவிட்டதா? கொழும்புக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுக்கத்தான் வேண்டுமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: அந்த 14 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இதயம் பழுதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் வலது அறைக்குள் குருதி நுழையும் முக்கூர் வால்வின் வெளி விளிம்பு இதயத்தின் நுனியை நோக்கி எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதே டாப்சி. 17 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் குறைவு என்று எழுதுவது வழக்கம். ஆனால் அந்த எல்லை, நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யப்படாதவர்களை வைத்து வகுக்கப்பட்டது. இதயத்தைச் சுற்றியுள்ள உறை ஒருமுறை திறக்கப்பட்டவர்களிடம் இந்த மேல்கீழ் அசைவு குறைந்துவிடுவதும், அதை ஈடுசெய்வதுபோலச் சுவர் பக்கவாட்டில் கூடுதலாகச் சுருங்குவதும் நாங்கள் அடிக்கடி காண்பவை. ஆகவே எண் தாழ்ந்திருந்தும் அறையின் மொத்த வேலை ஓரளவு நன்றாகவே நடந்துகொண்டிருக்கலாம். மறுபுறம், சத்திரசிகிச்சையில் ஒட்டுப் போட்டு அகலமாக்கப்பட்ட, குருதி சுவாசப்பைக்குப் போகும் வெளியேறு பாதை சுருங்காமல் வீங்கிக் கிடந்தால், டாப்சி அந்தப் பகுதியைப் பார்ப்பதே இல்லை. இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை டாப்சியை நான் அறிக்கையின் முதல் வரியில் வைத்து வாசிப்பதில்லை.

இடது இதயவறை ஏறக்குறைய முட்டை வடிவானது. இரண்டு கோணங்களில் பார்த்துக் கணக்கிட்டுவிடலாம். வலது அறையோ, குறுக்கே வெட்டிப் பார்த்தால், தேங்காய்ச் சொட்டைப்போல இடது அறையை அணைத்துக் கிடக்கும் ஒரு பிறை. அதன் ஒரு பகுதி நெஞ்சு எலும்புக்கு நேர் பின்னால் மறைந்திருப்பதால் எக்கோவின் ஒலியலைக்கு முழுவதும் அகப்படுவதில்லை. எம்.ஆர்.ஐ.யின் தேவை இங்கேதான் வருகிறது: அது அறையைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, நிரம்பும்போதும் சுருங்கிய பின்னும் எத்தனை மில்லிலீற்றர் குருதி இருக்கிறது, வால்வு வழியாக எவ்வளவு திரும்பி வழிகிறது என்று அளந்துவிடுகிறது.

கசிவு கடுமையானது என்பதைக் கண்டு திடுக்கிட வேண்டாம். குறுகியிருந்த பாதையை வால்வின் வளையத்தையும் தாண்டி அகலப்படுத்தியவர்களிடம் இது எதிர்பார்க்கப்படுவதே. பல ஆண்டுகள் பொறுத்துக்கொள்ளும் அந்த அறை, எப்போது பொறுக்க முடியாமல் போகத் தொடங்குகிறது என்பதே எங்கள் கேள்வி. 2020இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டல், அறிகுறி இல்லாதவர்களிடமும், உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு நிரம்பிய கொள்ளளவு 160 மில்லிலீற்றரையோ, சுருங்கிய கொள்ளளவு 80 மில்லிலீற்றரையோ எட்டுவதைப் புதிய வால்வு பொருத்துவது பற்றி யோசிப்பதற்கான காரணங்களுள் வைக்கிறது. இரண்டு படங்களுக்கிடையே அந்த எண் எவ்வளவு கூடியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதனால் முதல் எம்.ஆர்.ஐ.யை இப்போதே எடுத்துவைப்பது நல்லது. கொழும்புப் பயணம் வீண்போகாது. நெஞ்சு எலும்பைக் கட்டிய கம்பி அதற்குத் தடையல்ல. ஆனால் படமெடுக்கும்போது திரும்பத் திரும்பப் பத்துப் பதினைந்து செக்கன் மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். வீட்டிலேயே பழகிக்கொண்டு போகட்டும்.

கோயில் ஏற்றம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிறுவயதிலிருந்தே இந்த இதயத்தோடு வளர்ந்தவர்களுக்கு ‘சாதாரண மூச்சு’ எப்படியிருக்கும் என்பதற்கு ஒப்பீடே இல்லை. தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டு ‘எனக்கொன்றுமில்லை’ என்பார்கள். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டைக்குள் மான்களைப் பார்க்கிற சாக்கில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டு, இளைக்கவே இல்லை என்று சொன்ன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவள் வயதுத் தோழிகளோடு பேசிக்கொண்டே ஏறுகிறாளா, பின்தங்குகிறாளா என்று கவனியுங்கள். அதைவிட நம்பகமானது, மூச்சு வாயுக்களையும் அளக்கும் உடற்பயிற்சிச் சோதனை.

ஈ.சீ.ஜி.யையும் விட்டுவிடாதீர்கள். அதில் க்யூ.ஆர்.எஸ். அகலம், அதாவது மின்தூண்டல் இதயவறைகள் முழுவதும் பரவ எடுக்கும் நேரம், 180 மில்லிசெக்கனை எட்டினாலோ, முன்பைவிட ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போனாலோ, ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கான வாய்ப்பு அதிகம். பழைய ஈ.சீ.ஜி.கள், சத்திரசிகிச்சைக் குறிப்பு, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுபோங்கள். புதிய அறிக்கையைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த வைத்தியரும் உங்களுக்குச் சரியான பதில் சொல்ல முடியாது. திருமணப் பேச்சு எழுந்தால் அதற்கு முன்பே இதய நிபுணரைக் காண வேண்டும், ஏனெனில் கர்ப்ப காலத்தில் உடலின் குருதிக் கொள்ளளவு ஏறக்குறையப் பாதியளவு கூடுகிறது, அந்தச் சுமை முதலில் விழுவது விரிந்த வலது அறையின் மேல்தான். நெஞ்சு படபடத்து மயங்கி விழுந்தால் மட்டும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள்.