கட்டிங் கூட்டாளிக்காக அழலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 43 வயது. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. என் பழைய கூட்டாளி இரண்டு மாதத்துக்கு முன்னால் இறந்துவிட்டான். ஒரே தறிக்குடோனில் பதினோரு வருடம் இருந்தோம். ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்குப் பாதிக் காசு போட்டு ஒரு குவார்ட்டர் வாங்கி, கட்டிங் போட்டுக்கொள்வோம். டீ நேரத்தில் ஒரு தேங்காய் பன் வாங்கினாலும் பாதியைப் பிய்த்து என் கையில் வைப்பான். நான் சிகிச்சைக்குப் போய் வந்த பிறகு அவனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பழைய சகவாசம் வேண்டாம் என்று, குடியை விட்டவர்கள் கூடுகிற ஏஏ கூட்டத்தில் சொன்னார்கள். தெருவில் எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொள்வேன்.

சாவதற்கு நான்கு நாள் முன்னால் ராத்திரியில் மூன்று தடவை போன் அடித்தான். இருநூறு ரூபாய் கேட்கத்தான் இருக்கும் என்று எடுக்கவில்லை. அப்புறம் ரத்த வாந்தி எடுத்து, பெரியாஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான் என்று சேதி வந்தது. எழவுக்கும் போகவில்லை, கருமாதிக்கும் போகவில்லை. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். "நம்ம குடும்பத்தைக் கெடுத்தவனுக்கா அழறே?" என்கிறாள் என் மனைவி. வருகிற ஆடி அமாவாசைக்கு அவன் வீட்டில் படையல். அவனுக்குப் பிடித்த குவார்ட்டரை நான்தான் வாங்கி வைக்க வேண்டும் என்று பழைய ஆட்கள் கூப்பிடுகிறார்கள். போகலாமா? இப்படி அழுவதே திரும்பக் குடிக்கிற புத்தியா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பள்ளிபாளையம்

பதில்: தம்பி, முதலில் அந்தக் குழாயை மூடுங்கள். சத்தமாகவே அழுங்கள்.

நான் கோவையில் ஃபவுண்டரி ஒன்றில் மோல்டராக இருந்தவன். எனக்கும் ஒருத்தன் இருந்தான். 2003 நவம்பரில் கடைகள் எல்லாம் டாஸ்மாக் கைக்குப் போனபோது, நாங்கள் வழக்கமாகப் போகும் கடை ஊருக்கு வெளியே தள்ளிப் போய்விட்டது. அங்கிருந்து தினமும் என்னைத் தன் டிவிஎஸ் 50-இல் ஏற்றி, நான் சரிந்துவிடாமல் இருக்கத் தன் துண்டால் என்னையும் அவனையும் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பான். வழியில் கழன்று விழுந்த என் செருப்பு ஹேண்டில்பாரில் தொங்கும். அவனும் குடித்திருப்பான். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. 2005-இல் நான் குடியை விட்டேன், அவன் விடவில்லை. 2007-இல் மஞ்சள்காமாலை முற்றி இறந்தான். நானும் போகவில்லை. ஒரு மாதம் கழித்து, வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அப்பா இறந்தால் ஊரே வந்து கையைப் பிடிக்கும். கட்டிங் கூட்டாளி இறந்தால் 'தொல்லை விட்டது' என்பார்கள். ஊர் ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரித் துக்கத்துக்குத் தனியாக ஒரு பெயர் வைத்து, 1989-இல் கென்னத் டோகா என்ற அமெரிக்க அறிஞர் விரிவாக எழுதினார். யாரிடமும் சொல்லி அழ முடியாததாலேயே அது உள்ளே தங்கிவிடுகிறது. நீங்கள் பாத்ரூமுக்குள் போனதும் அதனால்தான்.

அந்த மூன்று போன் விஷயத்துக்கு வருகிறேன். குடியால் ஈரல் சுருங்கிக் கெட்டியாகிவிட்டால், குடல் பக்கமிருந்து வருகிற ரத்தம் அதற்குள் புக முடியாமல் வேறு வழி தேடும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் புடைத்துப் புடைத்து ஒருநாள் வெடித்துவிடும். குடித்துக் குடித்து ஈரல் கெட்டவர்கள் ரத்தமாக வாந்தி எடுப்பது பெரும்பாலும் இதனால்தான். நான்கு நாளில் வருகிற நோய் இல்லை அது, வருடக்கணக்கில் வளர்வது. நீங்கள் போனை எடுக்காததால் அவன் சாகவில்லை.

ஆனால் பணம் கேட்கத்தான் கூப்பிட்டான் என்று நானும் சொல்ல மாட்டேன். 'என்னையும் சிகிச்சைக்குக் கூட்டிப்போ' என்று கேட்க நினைத்திருக்கலாம். உங்கள் குரலைக் கேட்க ஆசைப்பட்டிருக்கலாம். இனி அது தெரியப்போவதில்லை. அந்த வலிக்கு என்னிடம் மருந்து இல்லை, தம்பி. அன்று ராத்திரி நீங்கள் உங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள எடுக்காமல் இருந்தீர்கள், அவனை வெறுத்து அல்ல. கூட்டத்தில் உங்களை விலகி இருக்கச் சொன்னதும் சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

குடிக்கிற புத்தியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் கலந்துதான் வரும். அவனை நினைத்தால் பார் மேசை வரும், பல்லால் கடித்துக் கிழித்த வாட்டர் பாக்கெட் வரும், நாக்கில் அந்த ருசிகூட வரும். பதினோரு வருடம் அங்கேதானே சேர்ந்து உட்கார்ந்தீர்கள்! ருசி வந்த அன்றைக்கே, கூட்டத்தில் உங்களுக்குத் துணையாக இருக்கும் மூத்தவரை, உங்கள் ஸ்பான்சரைக் கூப்பிட்டு, வந்தது என்று சொல்லிவிடுங்கள். நேரம் கெட்ட நேரமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண். ராப்பகலாகத் தமிழில் பேசுகிறார்கள், காசு கிடையாது.

உங்கள் மனைவி சொன்னதில் நான் குறை காண மாட்டேன். அவருக்குத் தெரிந்தவன், சம்பள நாளில் வாசலில் வந்து ஹாரன் அடித்தவன் மட்டும்தான். பன்னைப் பிய்த்துக் கொடுத்தவனை அவர் பார்த்ததே இல்லை. "நீ சொல்றது சரிதான். எனக்கு அவன் பாதி பன் கொடுத்தவன், அதுக்கு அழறேன்" என்று ஒரு தடவை சொல்லுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம். என் வீட்டில், "அந்தச் செருப்பை எடுத்துட்டு வருவாரே, அவருக்குப் பசங்க இருக்காங்களா?" என்று என் மனைவி கேட்பதற்கு இரண்டு வருடம் ஆயிற்று.

குவார்ட்டரை மட்டும் நீங்கள் வாங்காதீர்கள். இதில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். படைத்த சரக்கை யாரும் கீழே கொட்டுவதில்லை. கும்பிட்டு முடித்ததும் பங்கு போடுவார்கள். 'அவன் பேரைச் சொல்லி ஒரு மடக்கு' என்று டம்ளரை உங்கள் கையில் வைப்பார்கள். ஏழு வருடம் குடிக்காமல் இருந்த ஒருவர், தன் சொந்த அண்ணனின் படையலில்தான் சறுக்கினார். அவரை மறுபடி கூட்டத்துக்குக் கொண்டுவர எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. கூப்பிடுகிறவர்களிடம் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், 'என்னால் ஆகாது' என்றால் போதும்.

அவன் வீட்டுக்குப் போங்கள். தனியாகப் போகாமல் கூட்டத்தில் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். சந்துக்கடையில் திருட்டுத்தனமாக விற்கிற சரக்கோடு யாராவது அதற்கு முன்னாலேயே வந்துவிட்டால், உட்காராமல் கும்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மனசு கேட்காவிட்டால் பவானி கூடுதுறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தண்ணீரில் நின்றுவிட்டு வாருங்கள். அமாவாசைக் கூட்டத்தில் நீங்கள் யாருக்காக அழுகிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. அவன் தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருக்கிறதா, அது அவன் வீட்டார் தலையில் விழுந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். முழுதாக அடைக்க உங்களால் முடியாது. முதலாளியிடம் கூடப் போய் நின்று பேச முடியும், மாதம் இருநூறு ரூபாய் கொடுக்க முடியும். அந்த இருநூறுதானே உங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது?

போகும்போது பேக்கரியில் ஒரு தேங்காய் பன் வாங்கிக்கொள்ளுங்கள். பாதியைப் படையல் இலையில் வையுங்கள். மீதிப் பாதியை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். போய் வந்து எனக்கு எழுதுங்கள் தம்பி, காத்திருப்பேன்.